பட்டாளத்து வீட்டுக் கேள்விகள்: யாருக்கு ஆபத்துன்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா?

போன இதழ்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது போகிற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன். 2022 ஜூலைல ராஜ்யசபால அரசு கொடுத்த கணக்குப்படி அஞ்சு வருஷத்துல முப்படையிலயும் சேர்த்து 819 பேர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, அதுல தரைப்படையில மட்டும் 642 பேர்னு. அவ்வளவுதான் எழுதினேன், ஆனா வந்த கடிதங்களும் மெயிலும் இந்த ஒரே விஷயத்தைப் பத்தித்தான். வேலூர், திருவண்ணாமலை, ராமநாதபுரம், தேனின்னு பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்புற ஊர்கள்ல இருந்துதான் அதிகம். பேர் போடாதீங்கன்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, ஊர் மட்டும் போடுறேன். இந்த வாரம் முழுக்க இதே.

கேள்வி: அமெரிக்காவுல எந்த சிப்பாய் தற்கொலை பண்ணிக்கப் போறான்னு கம்ப்யூட்டரே முன்கூட்டி சொல்லிடுதுன்னு வாட்ஸப்ல வந்துச்சு. உண்மையா சார்? என் பையன் வடக்க இருக்கான், நம்ம ராணுவத்துல ஏன் அப்படி ஒண்ணு வைக்கக் கூடாது?
*ஒரு அம்மா, குடியாத்தம்*

பாதி உண்மைம்மா. மீதி பாதி வாட்ஸப்.

நடந்தது என்னன்னா, பொதுவா ராணுவத்துல இருக்கிறவங்க தற்கொலை விகிதம் அதே வயசு வெளியாட்களை விடக் குறைவாத்தான் இருக்கும், உடம்பு மனசு எல்லாம் செக் பண்ணித்தானே ஆள் எடுக்குறாங்க, அமெரிக்காவுலயும் அப்படித்தான் இருந்துச்சு. 2004 வாக்குல இருந்து அது ஏற ஆரம்பிச்சு 2008ல வெளியாட்களோட விகிதத்தையே தாண்டிடுச்சு. அப்புறம்தான் 2009ல அவங்க தரைப்படையும் தேசிய மனநல ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஆர்மி ஸ்டார்ஸ்னு ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினாங்க, ராபர்ட் உர்சானோ, மர்ரே ஸ்டைன்னு ரெண்டு மனநல டாக்டருங்க தலைமையில. ராணுவத்துல ஒரு வசதி, ஒரு ஆள் சேர்ந்த நாள்ல இருந்து அவன் சம்பளம், புரமோஷன், வாங்கின மாத்திரை, மாட்டின கேஸ் எல்லாம் எங்கேயோ ஒரு ரெக்கார்டுல இருக்கும். அப்படி 38 டேட்டாபேஸை ஒண்ணா இணைச்சு, 2004ல இருந்து 2009 வரைக்கும் வேலை பார்த்த சுமார் 16 லட்சம் பேரோட விவரத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க.

அதுல ஹார்வர்டு ரொனால்ட் கெஸ்லர் குழு செஞ்ச கணக்குதான் உங்களுக்கு வாட்ஸப்ல வந்திருக்கும். அவங்க எல்லா சிப்பாயையும் பார்க்கல, மனநல வார்டுல அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆனவங்களை மட்டும் எடுத்தாங்க. மொத்தம் 53,769 அட்மிஷன். டிஸ்சார்ஜ் ஆன ஒரு வருஷத்துக்குள்ள 68 பேர் தற்கொலையில இறந்திருக்காங்க. மொத்த ராணுவத்துல வருஷத்துக்கு லட்சத்துக்கு 18.5ன்னு இருந்த விகிதம் இவங்ககிட்ட லட்சத்துக்கு 264. பதினாலு மடங்கு. அந்த அட்மிஷன்களை கம்ப்யூட்டர் ஆபத்து வரிசையில அடுக்குனப்போ, மேல இருந்த 5 சதவீதத்துக்குள்ளேயே 53 சதவீத இறப்பு அடங்கிடுச்சு.

கேட்க பிரமிப்பா இருக்கு இல்லையா. ஆனா அந்த மேல இருக்கிற 5 சதவீதத்துலயே கூட ஒரு வருஷக் கணக்குல பார்த்தா 100 பேருக்கு 4 பேருக்கும் கம்மியாத்தான் இறந்திருக்காங்க. 96 பேர் உயிரோட இருந்திருக்காங்க. அதனால இன்னார்தான்னு கம்ப்யூட்டர் விரல் நீட்டிச் சொல்லுதுங்கறது பொய், இந்தக் கூட்டத்து மேல கண்ணு வைங்கன்னு சொல்லுதுங்கறது நிஜம்.

அது எதை வச்சு சொல்லுச்சுன்னு பார்த்தா பெரிய ரகசியம் எதுவும் இல்ல. ஆம்பளையா, வயசு கடந்து சேர்ந்தவனா, முன்னாடி முயற்சி பண்ணியிருக்கானா, ஆயுதம் வச்சிருந்த கேஸ் இருக்கா, வாய்ச்சண்டை மிரட்டல் கேஸ் இருக்கா, ஒரு வருஷத்துல எத்தனை தடவை மனச்சோர்வு மாத்திரை வாங்கினான், இந்த மாதிரி. கடன், பொண்டாட்டியோட மனஸ்தாபம், அண்ணன் தம்பி நிலத்தகராறு இதெல்லாம் பெரும்பாலும் எந்த ரெஜிஸ்டர்லயும் ஏறாது. கம்ப்யூட்டருக்குத் தெரியாத அந்த விஷயம் உங்களுக்குத் தெரியும்மா, அதை மறந்துடாதீங்க.

நம்ம ராணுவத்துல ஏன் இல்லன்னா, இதுக்கு முதல்ல வருஷக்கணக்கான ரெக்கார்டு ஒரே இடத்துல சேரணும், அதை வெளி ஆராய்ச்சிக்காரங்க கையில நம்பிக் கொடுக்கணும். நம்ம ஊர்ல மொத்த எண்ணிக்கையே யாராவது ஒரு எம்.பி. கேள்வி போட்டாத்தான் பளிச்சுன்னு வெளிய வருது. அது மாறாம கம்ப்யூட்டரைப் பத்திப் பேசி பிரயோஜனம் இல்லங்கறது என் அபிப்பிராயம்.

கேள்வி: நான் புள்ளியியல் படிக்கிறேன். 90 சதவீதம் சரியா சொல்ற ஒரு டெஸ்ட் கண்டுபிடிச்சா எல்லா வீரர்களுக்கும் வருஷா வருஷம் வச்சிடலாமே, இதுல என்ன கஷ்டம்?
*ஒரு மாணவர், கோயம்புத்தூர்*

தம்பி, உங்க பாடத்தையே எடுத்து போட்டுப் பாருங்க. ஒரு லட்சம் சிப்பாய். மேல சொன்ன விகிதத்துல வருஷத்துக்கு 18, 19 பேர்தான். உங்க டெஸ்ட் 90 சதவீதம் சரின்னா அதுல 17 பேரைப் பிடிச்சிடும், சந்தோஷம். ஆனா மீதி 99,981 பேர்ல 10 சதவீதத்தை தப்பா "ஆபத்து"ன்னு சொல்லும், அது கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். ஆக மாட்டின பத்தாயிரத்துச் சொச்சம் பேர்ல 17 பேர், ஏறக்குறைய 590க்கு ஒருத்தர். அந்த 590 பேர்ல யாரு அந்த ஒருத்தர்னு டெஸ்ட்டுக்கே தெரியாது.

இதுல இன்னொரு வேடிக்கை, 90 சதவீதம் சரியா சொல்ற டெஸ்ட்டே உலகத்துல இல்ல. 2017ல ஜோசப் ஃபிராங்க்ளின்னு ஒரு ஆய்வாளரும் அவர் குழுவும் அதுக்கு முந்தைய 50 வருஷத்துல வந்த 365 ஆய்வை ஒண்ணா திரட்டிப் பார்த்தாங்க. மனச்சோர்வு, பழைய முயற்சி, நம்பிக்கையின்மைன்னு நாம வழக்கமா சொல்ற காரணம் எதை எடுத்தாலும், தனித்தனியா பார்த்தா காசு சுண்டிப் பார்க்குறதை விட கொஞ்சம்தான் பரவாயில்லன்னு முடிவு வந்துச்சு. அம்பது வருஷ உழைப்புக்கு இந்தப் பதில். மனநலத் துறையில அது ஒரு பெரிய அடி.

சரி அப்ப இந்தக் கணக்கெல்லாம் வேஸ்ட்டான்னு கேட்பீங்க. பிடிச்ச பத்தாயிரம் பேரை என்ன பண்ணப் போறோம்ங்கறதைப் பொறுத்துத்தான் இருக்கு. துப்பாக்கியை வாங்கி வச்சு, புரமோஷனை நிறுத்தி, ஃபைல்ல சிவப்பு மையில எழுதினா அடுத்த வருஷம் ஒருத்தனும் டெஸ்ட்ல உண்மை சொல்ல மாட்டான், டெஸ்ட் செத்துப்போச்சு. அதுவே ஒரு போன் கால், ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மாதிரி யாருக்கும் கெடுதல் பண்ணாத காரியம்னா 590 பேருக்கு பண்ணினாலும் நஷ்டம் இல்ல. அமெரிக்காவுல முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள்ல 2017ல இருந்து இதைத்தான் செய்றாங்க, ரீச் வெட்னு பேர். மாசா மாசம் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் ஆபத்து அதிகமா இருக்கிற ஆயிரத்துல ஒருத்தரை எடுத்துக் கொடுக்கும், அங்க இருக்கிற டாக்டர் அவரோட மருத்துவத்தைத் திரும்ப ஒருக்கா பார்த்துட்டு போன் பண்ணிப் பேசுவார். 2021ல வந்த மதிப்பீட்டுல அப்பாயின்ட்மென்ட்டுக்கு வர்றது கூடியிருக்கு, அட்மிஷன் குறைஞ்சிருக்கு, பதிவான முயற்சிகளும் குறைஞ்சிருக்கு. இறப்பு எண்ணிக்கையில மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியல. அதையும் மறைக்காம எழுதியிருக்காங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

கேள்வி: நான் சியாச்சின்ல இருந்தவன், கார்கில் சமயத்துல காஷ்மீர்ல இருந்தவன். எங்களுக்கு இதெல்லாம் வரல. சண்டையையே பார்க்காத இந்தக் காலத்துப் பசங்க ஏன் இப்படிப் பண்றாங்க? செல்போனும் மனவலிமை இல்லாததும்தான் காரணம்னு நான் சொல்றேன்.
*ஓய்வு பெற்ற ஹவில்தார், திருவண்ணாமலை மாவட்டம்*

ஐயா, உங்க கேள்விக்குள்ளேயே ஒரு முக்கியமான உண்மை இருக்கு, "சண்டையையே பார்க்காத பசங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது. சண்டைக்குப் போனவங்கதான் இப்படி ஆவாங்கன்னுதான் அமெரிக்காவுலயும் ஆரம்பத்துல எல்லாரும் நினைச்சாங்க, ஈராக்கும் ஆப்கானிஸ்தானும்தான் காரணம்னு. எண்ணிப் பார்த்தப்போ அப்படி வரல. 2004ல இருந்து 2009 வரைக்கும் சண்டைக்குப் போனவங்ககிட்டயும் விகிதம் ஏறியிருக்கு, ஒருநாளும் போகாதவங்ககிட்டயும் ஏறியிருக்கு. 2001ல இருந்து ஒன்றரை லட்சம் பேரைப் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வுல, எத்தனை தடவை போர்முனைக்குப் போனான், என்ன பார்த்தான்ங்கறதுக்கும் தற்கொலைக்கும் தொடர்பு கிடைக்கல. தொடர்பு கிடைச்சது மனச்சோர்வு, மனநிலை மேலயும் கீழயும் போற வியாதி, குடி இதுங்களுக்கு. குடின்னா கேன்டீன்ல ரெண்டு பெக் இல்ல, குடியால வேலையும் வீடும் கெட்டுப்போற அளவுக்கு.

ஆனா மனவலிமை இல்லைங்கறதை ஒத்துக்க மாட்டேன். அமெரிக்கத் தரைப்படையில தற்கொலை முயற்சி யாருக்கு எப்போ அதிகம்னு பார்த்தப்போ, போர்முனைக்கே போகாத புது ரெக்ரூட்டுகளுக்கு சேர்ந்த ரெண்டாவது மாசம்தான் உச்சம். நீங்களே உங்க ட்ரெயினிங் சென்டர் நாட்களை நினைச்சுப் பாருங்க, வீட்டை விட்டு வந்து, தூக்கம் இல்லாம, பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் வாய்ல விழுந்து எழுந்து, பக்கத்துல படுத்திருக்கிறவன் பேசுற பாஷையும் புரியாம. அதே மாதிரி முயற்சி பண்ணினவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு ராணுவத்துல சேர்றதுக்கு முன்னாடியே அந்த அனுபவம் இருந்திருக்கு, செலக்‌ஷன்ல பெரும்பாலும் அதைச் சொல்லியிருக்க மாட்டாங்க. சொன்னா எடுப்பாங்களா?

செல்போன் விஷயத்துல நீங்க சொல்றது கொஞ்சம் சரி, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. உங்க காலத்துல வீட்டுல நடந்த சண்டை இன்லேண்ட் லெட்டர்ல ஏறி பத்து நாள் கழிச்சு உங்க கைக்கு வரும்போது சண்டை போட்டவங்களே சமாதானம் ஆகியிருப்பாங்க. இப்போ கம்மாக்கரைல வரப்பை வெட்டின அடுத்த நிமிஷம் எல்லையில நிக்கிறவன் காதுல விழுது, அவனால ஒண்ணும் செய்ய முடியாது, லீவும் கிடைக்காது. அரசே பார்லிமெண்ட்ல திரும்பத் திரும்பச் சொல்ற காரணம் குடும்பப் பிரச்சினை, உடம்பு சரியில்லாதது, பணக் கஷ்டம். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் மாதிரி மத்தியப் படைகள்ல 2018ல இருந்து 2022 வரைக்கும் 654 பேர்னு கணக்கு கொடுத்தாங்களே, அதுக்காக உள்துறை அமைச்சகம் போட்ட டாஸ்க் ஃபோர்ஸ் கவனிச்ச ஒரு விஷயம், அதுல பெரும்பாலானது லீவு முடிஞ்சு டியூட்டிக்குத் திரும்பின பிறகு நடந்தது. வீட்டுல எதைப் பார்த்துட்டு வந்தான்னு யூனிட்டுக்குத் தெரியாது, யூனிட்ல எப்படி இருக்கான்னு வீட்டுக்குத் தெரியாது.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்துல இருக்கார். போன லீவுக்கு வந்து போனதுல இருந்து சரியாவே பேசறதில்ல, "நான் இல்லாட்டியும் நீங்க நல்லா இருப்பீங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டார். நேரா கேட்டா நானே அந்த நினைப்பை உண்டாக்கின மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. யூனிட்ல சொன்னா வேலைக்கு ஆபத்து வருமோன்னு அதுவும் பயம்.
*ஒரு வாசகி, தேனி மாவட்டம்*

அம்மா, இந்தக் கடிதத்தைப் பார்த்த அன்னைக்கே உங்களுக்குத் தனியா மெயில் போட்டுட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன்.

நேரா கேளுங்க. "சாகணும்னு தோணுதா"ன்னு அதே வார்த்தையில. கேட்கிறதால நினைப்பு வராதுங்கறதை பல ஆய்வுல சோதிச்சுப் பார்த்தாச்சு, அப்படிக் கேட்கப்பட்டவங்கள்ல பாரம் குறைஞ்சதா சொன்னவங்களும் உண்டு. சுத்தி வளைச்சு "என்னங்க ஒரு மாதிரியா இருக்கீங்க"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு பதில் வரும், பட்டாளத்துக்காரர் வேற எப்படிச் சொல்வார். அவர் சொன்ன அந்த வாக்கியம் இருக்கே, நான் இல்லாட்டி நீங்க நல்லா இருப்பீங்கன்னு, அதைத்தான் தாமஸ் ஜாய்னர்னு ஒரு உளவியல்காரர் முக்கியமான அறிகுறியா சொல்றார், தான் மத்தவங்களுக்கு பாரம்ங்கற நினைப்பும், யாரோடயும் ஒட்டலங்கற நினைப்பும் சேரும்போது ஆபத்துன்னு. கூடவே வலிக்கும் சாவுக்கும் பயம் மரத்துப்போறதையும் மூணாவதா சொல்வார், அது ராணுவப் பயிற்சியோட ஒரு பகுதியாவே வந்துடுது.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க, அப்படி எதுவும் பண்ண மாட்டேன்னு"ன்னு கேட்காதீங்க. நம்ம வீடுகள்ல முதல்ல வர்றதே அதுதான். அமெரிக்காவுல ஃபோர்ட் கார்சன் ராணுவ முகாம்ல கிரெய்க் பிரையன் குழு 97 சிப்பாய்களை வச்சு இதையே சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரு பகுதிக்கு வழக்கம்போல பண்ணிக்க மாட்டேன்னு ஒப்பந்தம். இன்னொரு பகுதிக்கு ஒரு சின்ன அட்டை, அதுல அவனே எழுதணும், எனக்கு மோசமா ஆகப்போகுதுங்கறது எதை வச்சு தெரியும், அப்போ தனியா நான் என்ன செய்வேன், யார்கிட்ட பேசுவேன், எந்த டாக்டர், எந்த நம்பர், எதுக்காக வாழணும். ஆறு மாசத்துல சத்தியம் பண்ணினவங்கள்ல சுமார் 19 சதவீதம் பேர் முயற்சி பண்ணினாங்க, அட்டை எழுதினவங்கள்ல சுமார் 5 சதவீதம். பாக்கெட்ல வைக்கிற ஒரு அட்டை. அவரோட போன்ல நோட்ஸ்ல கூட எழுதி வைக்கலாம், ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க.

வேலை பயம். எனக்குப் புரியுது, மெடிக்கல் கேட்டகரி இறங்கிடும், எல்எம்சி (குறைஞ்ச மருத்துவத் தகுதி) ஆயிடும், புரமோஷன் போயிடும்னு எல்லா வீட்லயும் இதே பேச்சு. ராணுவத்துல மருத்துவத் தகுதியைக் குறிக்கிற ஷேப்ங்கற தர அளவுல முதல் எழுத்து எஸ்ஸே மனசுக்குத்தான், அது எஸ்-1ல இருந்து இறங்கினா சில போஸ்டிங்கும் சில கோர்ஸும் தள்ளிப்போகலாம், உண்மைதான், நான் பூசி மெழுகல. ஆனா பல பேருக்கு சிகிச்சைக்கு அப்புறம் திரும்ப ரிவ்யூ பண்ணி கேட்டகரி ஏறுறதும் உண்டு. முதல் படியா யூனிட்டுக்குப் போகணும்னு கூட இல்ல. அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே. ராணுவக் குடும்பங்களுக்காகவே 2023 டிசம்பர்ல புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில டெலிமானஸோட தனிப் பிரிவு ஒண்ணு தொடங்கியிருக்காங்க. சென்னையில இருக்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு சினேகா 044-24640050. நீங்களே உங்களுக்காகவும் கூப்பிடலாம்மா, அவர் மட்டும்தான் பேசணும்னு இல்ல.

ஆனா அவர் எப்போ எப்படின்னு திட்டமாப் பேச ஆரம்பிச்சாலோ, விடைபெறுற மாதிரி பேசினாலோ, கேட்டகரி பத்தியெல்லாம் யோசிக்காம உடனே அவர் கம்பெனி ஜேசிஓவுக்கு (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி) இல்லன்னா கூட இருக்கிற ஆளுக்கு போன் போடுங்க, அவரைத் தனியா விடாதீங்கன்னு சொல்லுங்க. அந்த நம்பர் இப்பவே உங்க போன்ல இருக்கணும்.

கேள்வி: லீவுக்காகவும் ஈஸி போஸ்டிங்குக்காகவும் நடிக்கிறவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?
*ஒரு வாசகர், மதுரை*

நடிக்கிறவனுக்கு பத்து நாள் லீவு போகும். நடிக்காதவனை நடிக்கிறான்னு முடிவு பண்ணினா என்ன போகும்னு சொல்லவே வேணாம். லீவுக்காக இவ்வளவு தூரம் போற ஆளுக்கும் ஏதோ பிரச்சினை இருக்கும் சார்.

கேள்வி: துப்பாக்கியைத் தள்ளி வச்சா போதும்னு சொல்றாங்க. சாகணும்னு முடிவு பண்ணினவன் வேற வழி தேட மாட்டானா?
*ஒரு ஆசிரியர், ராமநாதபுரம்*

எல்லாரும் கேட்கிற கேள்வி, நியாயமாவும் தோணும். ஆனா இதுக்கு இஸ்ரேல்ல ஒரு நேரடிப் பதில் கிடைச்சது. அங்க பதினெட்டு வயசுல பெரும்பாலானவங்க கட்டாயமா ராணுவத்துக்குப் போகணும், வாரக்கடைசியில வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியையும் கூடவே எடுத்துட்டுப் போற வழக்கம் இருந்துச்சு. 2006ல அதை மாத்தினாங்க, வீட்டுக்குப் போறவன் துப்பாக்கியை முகாம்லயே வச்சுட்டுப் போகணும். அவ்வளவுதான் மாற்றம். அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு சராசரி 28 தற்கொலை, 2007, 2008ல அது 16.5. நாற்பது சதவீதம் குறைஞ்சது. குறைஞ்சது பெரும்பாலும் வாரக்கடைசி நாட்கள்ல, வார நாட்கள்ல பெரிய மாற்றம் இல்ல. வேற வழி தேடுறதா இருந்தா வார நாளுக்கோ வேற முறைக்கோ மாறியிருக்கணுமே, பெருசா மாறல.

காரணம் என்னன்னா, "முடிவு பண்ணினவன்"ன்னு நாம சொல்ற அந்த முடிவு பெரும்பாலும் கல்லுல எழுதினது இல்ல, அலை மாதிரி ஏறி இறங்குறது, உச்சத்துல இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல எதுவும் இல்லாட்டி அது இறங்கிடும், பிழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க பின்னாடி தற்கொலையில சாகறதில்ல. சினேகாவைத் தொடங்கின டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு, நம்ம கடலூர் மாவட்டத்துல விவசாயிங்க பூச்சிமருந்தை வீட்ல வைக்காம ஊருக்குப் பொதுவா ஒரு இடத்துல லாக்கர்ல பூட்டி வைக்கிற மாதிரி செஞ்சு பார்த்ததும் இதே யோசனைதான்.

இந்த இஸ்ரேல் விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. யாருக்கு ஆபத்துன்னு அவங்க ஒருத்தரைக்கூட தனியா கண்டுபிடிக்கல. எந்தப் பையனையும் கூப்பிட்டு உனக்கு மனசு சரியில்லைன்னு முத்திரை குத்தல. எப்போ ஆபத்துன்னு பார்த்து, அந்த நேரத்தை எல்லாருக்கும் சேர்த்து மாத்தினாங்க. மேல கோயம்புத்தூர் தம்பி கேட்ட கணக்குச் சிக்கலே இதுல வரல பாருங்க.

கேள்வி: என் மகன் அக்னிவீரா இருக்கான். நாலு வருஷம் முடிஞ்சு வெளிய வந்தா மனசு உடைஞ்சிடுவானோன்னு பயப்படுறேன். இதுக்கு ஏதாவது ஆய்வு இருக்கா?
*ஒரு அப்பா, காட்பாடி*

அக்னிவீர் திட்டமே 2022ல வந்ததுதான், அதனால அமெரிக்காவுல பார்த்ததைச் சொல்றேன், அப்படியே நம்ம பிள்ளைகளுக்குப் பொருத்திடாதீங்க. அங்க 39 லட்சம் பேருக்கு மேல பார்த்த ஒரு ஆய்வுல போர்முனைக்குப் போனதுக்கும் தற்கொலைக்கும் தொடர்பு வரல, ஆனா ராணுவத்தை விட்டு வெளிய வந்ததுக்கும் தற்கொலைக்கும் வந்துச்சு. அதுலயும் நாலு வருஷத்துக்குக் குறைவா இருந்துட்டு வந்தவங்க, ஒழுங்கு நடவடிக்கையில வெளிய அனுப்பப்பட்டவங்களுக்கு அதிகம். ஆனா நாலு வருஷத்துக்குள்ள வெளிய வர்றவங்கள்ல ஏற்கனவே உடம்பு, மனசு, கேஸ்னு பிரச்சினை இருந்து அனுப்பப்பட்டவங்க நிறைய இருப்பாங்க, காலம் முடிஞ்சு கௌரவமா வர்ற உங்க பையன் அந்தக் கணக்குல இல்ல.

இருந்தாலும் வெளிய வந்த முதல் வருஷம்தான் கவனிக்கணும்னு மத்த ஆய்வுகளும் சொல்லுது. காலைல அஞ்சு மணிக்கு விசில் இல்ல, கூட இருந்த செட் இல்ல, ஊர்ல பார்க்கிறவன் எல்லாம் "என்னப்பா, நிரந்தரமா எடுக்கலையா"ன்னு கேட்பான். இந்தக் கடைசிக் கேள்வியை உங்க வீட்ல யாரும் கேட்காம பார்த்துக்கிறதே பெரிய காரியம். வெளிய வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அடுத்து படிப்பா, போலீஸ் தேர்வா, சொந்தத் தொழிலான்னு பேச ஆரம்பிங்க, கையில வர்ற சேவா நிதிப் பணத்துல வீடு கட்டலாம் தங்கச்சி கல்யாணம் முடிக்கலாம்னு நீங்களா கணக்குப் போடாதீங்க.

கேள்வி: நான் இப்பவும் சர்வீஸ்ல இருக்கிற நாயப் சுபேதார். எங்க கம்பெனிப் பையன் ஒருத்தன் ராணுவ ஆஸ்பத்திரியில மனநல சிகிச்சை முடிஞ்சு அடுத்த வாரம் வர்றான். நாங்க என்ன செய்யணும்? எங்ககிட்ட பட்டி சிஸ்டம் இருக்கு, ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டிருக்கோம்.
*ஊர் போடவில்லை*

இந்தக் கேள்வி வந்ததே சந்தோஷம் சாப். மேல சொன்ன கணக்குல பதினாலு மடங்குன்னு பார்த்தோமே, அது டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டான், சரியாயிட்டான்னு யூனிட் மூச்சு விடுற நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம்.

பட்டி சிஸ்டம் நல்லது, ஆனா ஜோடியைப் பேப்பர்ல போட்டா பத்தாது, அவனோட பாஷை பேசுற, அவனுக்குப் பிடிச்ச ஆளா போடுங்க. காவல் வேலைக்கு வச்ச ஆள் மாதிரி பின்னாடியே சுத்த வேணாம், சாப்பாட்டுக்கும் கேமுக்கும் கூடப் போனாப் போதும். டாக்டர் எழுதிக் கொடுத்த வரைக்கும் ஆயுத டியூட்டி வேணாம், ஆனா அதுக்குப் பதிலா கையில துடைப்பத்தைக் கொடுத்துடாதீங்க, ஸ்டோர், கிளார்க் வேலை, மோட்டார் பிரிவு மாதிரி நாலு பேர் மதிக்கிற வேலையாக் கொடுங்க. ரோல் கால்ல அவன் விஷயத்தைப் பத்திப் பேச்சே வரக் கூடாது.

அவனுக்கு நிலப் பிரச்சினையோ கடன் பிரச்சினையோ இருந்தா சிஓ (யூனிட் தலைமை அதிகாரி) கையெழுத்துல கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் ஒரு லெட்டர் போக வைங்க, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு காப்பி. லெட்டரோட காப்பியை அவன் கையிலயும் கொடுங்க, தனக்காக யாரோ மெனக்கெட்டிருக்காங்கன்னு தெரியணும்.

உங்க கம்பெனியில இன்னும் யாராவது முயற்சி பண்ணியிருந்தா, மத்தவங்களையும் பாருங்க. ஒரே யூனிட்ல ஒரு வருஷத்துல பல முயற்சி நடந்திருந்தா அங்க இருக்கிற மத்தவங்களுக்கும் ஆபத்து கூடுறதை ஆர்மி ஸ்டார்ஸ்ல பார்த்திருக்காங்க, அஞ்சோ அதுக்கு மேலயோ நடந்த இடத்துல ரெட்டிப்பு.

அவன் லீவுல போனாலும், போஸ்டிங் மாறிப் போனாலும், மாசத்துக்கு ஒரு மெசேஜ் போடுங்க. சான் ஃபிரான்சிஸ்கோல ஜெரோம் மோட்டோன்னு ஒரு மனநல டாக்டர் இருந்தார், ரெண்டாம் உலகப்போர்ல சிப்பாயா இருந்தவர், அப்போ அதிகம் பழக்கமில்லாத ஒரு பொண்ணு விடாம எழுதின கடிதங்கள் தன்னை எப்படித் தாங்கிப் பிடிச்சதுன்னு நினைவு வச்சிருந்தவர். ஆஸ்பத்திரியில இருந்து போய் மேற்கொண்டு சிகிச்சை வேணாம்னு சொன்ன 843 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு மட்டும் அஞ்சு வருஷம் சின்னச் சின்ன லெட்டர் போட்டார், எப்படி இருக்கீங்க, உங்களை நினைச்சோம், அவ்வளவுதான். முதல் ரெண்டு வருஷத்துல லெட்டர் போன பக்கம் தற்கொலை குறைவா இருந்துச்சு. பிறகு அமெரிக்க சிப்பாய்களுக்கு டெக்ஸ்ட் மெசேஜ்ல இதைச் செஞ்சு பார்த்தப்போ எதிர்பார்த்த முக்கியமான அளவுகள்ல வித்தியாசம் வரல, ஆனா முயற்சி பண்ணினவங்க எண்ணிக்கை குறைவா இருந்துச்சு, அதனால இது மந்திரம் இல்ல, செலவும் இல்ல.

அந்த மெசேஜ்ல "மாத்திரை போட்டியா", "ரிப்போர்ட் பண்ணு"ன்னு எழுதாதீங்க. பண்டிகைக்கு, கம்பெனி வாலிபால் ஜெயிச்சதுக்கு, அவன் ஊர்ல மழைன்னு செய்தியில பார்த்ததுக்கு ரெண்டு வரி. பதில் வராட்டி அடுத்த மாசமும் போடுங்க, மோட்டோவும் பதில் கட்டாயம்னு யார்கிட்டயும் கேட்கல.